மண்ணுக்குள் தெரிந்தே விட்டுவைத்தவை

பழைய எண்ணெய்க் குழாய் ஒன்றின் ஆய்வு அறிக்கை கைக்கு வரும்போது அதில் சில ஆயிரம் வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு குறை. எத்தனையாவது கிலோமீட்டர், எந்த வெல்டிங்கிலிருந்து எத்தனை மீட்டர், குழாயின் மேற்புறமா அடிப்புறமா, நீளம், அகலம், ஆழம் என்று எல்லாம் எழுதியிருக்கும். அத்தனையிலும் நாங்கள் தோண்டிப் பார்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களைத்தான். மற்றவற்றை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவோம். மேலே கடலை விளையும், ஆடு மேயும். கீழே பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைச் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடுகிறது. "தெரிஞ்சுமா விட்டு வைக்கிறீங்க?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. ஆமாம், தெரிந்தேதான் விட்டுவைக்கிறோம். சரியாகச் செய்தால் இந்தத் தொழிலில் இதைவிடக் கடினமான முடிவு வேறு இல்லை. பழுதுபார்ப்பதற்கு வழிமுறை இருக்கிறது, ஆள் இருக்கிறது, பொருள் இருக்கிறது. ஒரு குறையைப் பார்த்து, "இது இன்னும் இத்தனை வருஷம் இப்படியே இருக்கலாம்" என்று கையெழுத்துப் போடுவதற்கு மண்ணும் இரும்பும் கணக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது வாளையாறைச் சுற்றி. கொச்சியிலிருந்து பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, இயற்கை எரிவாயு எல்லாம் கிழக்கே வருவதற்கு இயற்கை விட்டுவைத்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். ரயில் பாதை, 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, உயர் அழுத்த மின்கம்பிகள், குழாய்கள் எல்லாம் அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். எங்கள் லைன் வாக்கர்கள், அதாவது குழாய்ப் பாதையை நடந்தே பார்த்து வருபவர்கள், பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள். எந்தத் தோப்புக்காரர் எப்போது போர் போடப் போகிறார் என்பது அவர்களுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

குழாய்க்கு என்ன வயது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த மண்ணில் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இரும்புக்கு வயதால் மட்டும் வலு குறைவதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் புதைத்த குழாயை வெட்டி எடுத்துச் சோதித்தால், அரிப்பு தொடாத இடத்தில் அது புதைத்த நாளில் இருந்த வலுவோடுதான் இருக்கும். வயது செய்வதெல்லாம் மற்றவற்றுக்கு நேரம் கொடுப்பதுதான்: மேற்பூச்சு விடுவதற்கு, தண்ணீர் உள்ளே புகுவதற்கு, ஒரு சின்ன விரிசல் அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதற்கு.

கணவாயின் மேற்குப் பக்கம் வெட்டுக்கல் எடுக்கும் செம்மண். அமிலத்தன்மை உள்ளது, ஆனால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். கிழக்கே சித்தூர் தாலுகாவின் எல்லை ஓரம் வந்தால் கருமண். கேரளத்தில் கருமண்ணைப் பார்க்கக்கூடிய சில இடங்களில் அதுவும் ஒன்று. எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் கோடையில் போனால் நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மழை விழுந்ததும் அதே மண் உப்பிக்கொள்ளும். இப்படி வருஷா வருஷம் உப்பிச் சுருங்கும் மண் குழாயின் மேற்பூச்சைப் பிடித்து இழுக்கிறது. பழைய தார்ப்பூச்சோ, சுற்றி ஒட்டிய பாலித்தீன் டேப்போ என்றால் அது சுருக்கம் விழுந்து, இரும்பை விட்டு விலகி, பை போலத் தொங்கத் தொடங்கும். அந்தப் பைக்குள் ஈரம் தங்கும்.

இங்கேதான் பெரிய சூழ்ச்சி. புதைத்த குழாய்க்குத் துருவிலிருந்து இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று மேற்பூச்சு. இன்னொன்று மின்சாரம்: கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் வைத்து, மண்ணில் புதைத்த அனோடு என்ற மின்முனை வழியாகக் குழாய்க்குள் நேர்மின்சாரத்தை அனுப்புவோம். செப்பு–செப்பு சல்பேட் அளவுகோலை மண்ணில் ஊன்றி அளந்தால் குழாய் மைனஸ் 0.85 வோல்ட்டோ அதற்கும் கீழோ காட்ட வேண்டும். காட்டினால் அந்த இடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று கணக்கு. மேற்பூச்சில் ஓட்டை விழுந்த இடத்தில் இந்த மின்சாரம் போய்க் காப்பாற்றிவிடும். ஆனால் பூச்சு கிழியாமல் விலகி மட்டும் நின்றால், அந்தப் பாலித்தீன் மின்சாரத்தைத் தடுத்துவிடும். தண்ணீர் மட்டும் ஓரமாகக் கசிந்து உள்ளே போய்விடும். மேலே மீட்டரில் மைனஸ் 1.1 என்று அழகாகக் காட்டும். கீழே குழாய் அரித்துக்கொண்டிருக்கும். மீட்டர் அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையும் மேலாளர்களோடு நான் அதிகம் வாதாடியது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கணவாயில் இன்னொரு தொல்லை மாறுமின்சாரம். பாலக்காடு–கோவை ரயில் பாதை 25 கிலோவோல்ட்டில் ஓடுகிறது. மேலே மின்கம்பிகள். பக்கத்திலேயே இணையாகப் போகும் குழாயில் இவை மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அது 15 வோல்ட்டைத் தாண்டினால் தொடுகிற ஆளுக்கே ஆபத்து என்று எடுத்துக்கொள்வோம். அதற்குக் கீழே இருந்தாலும் குழாய்க்கு ஆபத்து வரலாம். மேற்பூச்சில் உள்ள ஊசித்துளை அளவு ஓட்டை வழியாக அந்த மின்சாரம் மண்ணுக்குள் பாயும்போது, சதுர மீட்டருக்கு 20 ஆம்பியருக்குள் என்றால் பெரிதாகக் கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் அரிப்பு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டியது, நல்ல மேற்பூச்சு உள்ள புதுக் குழாய்க்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். ஓட்டை சின்னதாக இருந்தால் மின்சாரம் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் குவிந்துவிடும்.

சரி, மேலிருந்து அளப்பதெல்லாம் ஊகம். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கான கருவியைக் குழாயின் ஒரு முனையில் உள்ள லாஞ்சரில் ஏற்றிவிட்டால், ஓடுகிற எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த நிலையத்தின் ரிசீவரில் சேர்த்துவிடும். பெரும்பாலும் நாங்கள் ஓட்டுவது காந்தக் கருவி. அதன் பிரஷ்கள் குழாய்ச் சுவரையே காந்தமாக்கிக்கொண்டு போகும். சுவர் முழுசாக இருக்கும் இடத்தில் காந்தப்புலம் உள்ளேயே ஓடிவிடும். சுவர் மெலிந்த இடத்தில் அது வெளியே கசியும். அந்தக் கசிவை, கருவியைச் சுற்றிலும் உள்ள நூற்றுக்கணக்கான சென்சார்கள் பதிவு செய்யும். சக்கரங்கள் தூரத்தை அளக்கும். பாதைக்கு மேலே குறிப்பிட்ட இடங்களில் மார்க்கர் கருவியோடு ஆட்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், கருவி தங்களைக் கடக்கும் நொடியைப் பதிவு செய்ய.

இந்தக் கருவி மெலிவைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. ஆனால் நீளவாக்கில் ஓடும் மெல்லிய விரிசலைச் சாதாரணக் காந்தக் கருவி பார்க்காது. அதற்கு மீயொலிக் கருவி வேண்டும். ஒலி போய்வர நடுவில் திரவம் இருக்க வேண்டும் என்பதால் எண்ணெய்க் குழாயில் அது சுலபம். வாயுக் குழாய்க்கு மின்காந்த முறையில் ஒலியை எழுப்பும் வேறு வகைக் கருவி வந்திருக்கிறது. எந்தக் கருவி எதைப் பார்க்காது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் முக்கியம். "கருவி ஓட்டியாச்சு, குழாய் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்தக் கருவி என்று நான் கேட்பேன்.

இன்னொன்று, கருவி சொல்லும் எண்ணே துல்லியமான எண் அல்ல. காந்தக் கருவியின் வழக்கமான உத்தரவாதம் இப்படி இருக்கும்: பத்தில் எட்டு முறை, சுவர் கனத்தில் 10 விழுக்காடு கூடக் குறைய. அதாவது 40 விழுக்காடு ஆழம் என்று அறிக்கையில் இருந்தால், அது 30-க்கும் 50-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கலாம். பத்தில் இரண்டு முறை அதற்கும் வெளியே.

இனி கணக்கு. எந்தப் பள்ளம் ஆபத்து? ஆழமானதுதான் என்று யாரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. 457 மி.மீ. விட்டம், 6.4 மி.மீ. சுவர், எக்ஸ்-60 என்ற தர இரும்பு என்று ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். வழக்கமான வடிவமைப்புப்படி இதை 83 பார் அழுத்தம் வரை ஓட்டலாம். குறையே இல்லாத சுவர் கணக்குப்படி 127 பார் வரை தாங்கும். இப்போது இதில் 60 விழுக்காடு ஆழமும் 20 மி.மீ. நீளமும் உள்ள ஒரு குழி இருக்கிறது. சுவரில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் அது 123 பார் வரை வெடிக்காது. குழி சின்னது என்பதால் சுற்றியுள்ள இரும்பு அதன் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. அதே குழாயில் 40 விழுக்காடு ஆழமே உள்ள, ஆனால் 400 மி.மீ. நீளத்துக்குக் குழாயின் போக்கிலேயே ஓடும் ஒரு மெலிவு இருந்தால்? பழைய முறையில் போட்டால் 76 பார். ஓட்டும் அழுத்தத்துக்கும் கீழே.

முதல் குழி ஒருநாள் ஓட்டையாகிக் கசியலாம். இரண்டாவது பிளந்துகொண்டு வெடிக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் மனித உயிர்கள் இருக்கின்றன. அறிக்கையை ஆழத்தின் வரிசையில் அடுக்கிவிட்டு மேலே உள்ள பத்தை மட்டும் தோண்டும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு.

இந்தக் கணக்கு சும்மா வந்ததல்ல. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் டெக்ஸஸ் ஈஸ்டர்ன் என்ற வாயு நிறுவனமும் ஒஹையோவில் உள்ள பேட்டெல் (Battelle) ஆய்வகமும் சேர்ந்து, அரித்துப்போன நிஜக் குழாய்களை எடுத்துத் தண்ணீர் அழுத்தத்தில் வெடிக்க வைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்த சூத்திரம் 1984-இல் பி31ஜி என்ற பெயரில் கையேடாக வந்தது. அது ரொம்பவும் ஜாக்கிரதையானது என்பதால் 1989-இல் திருத்தினார்கள். மேலே சொன்ன நீள மெலிவைத் திருத்திய முறையில் போட்டால் 76-க்குப் பதில் 96 பார் வரும். அப்படியென்றால் விட்டுவைக்கலாமா? முடியாது. 83 பாரில் ஓட்ட வேண்டும் என்றால் தாங்கும் அழுத்தம் குறைந்தது 116 பார் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் இடைவெளி. இரண்டு முறையிலுமே அந்த மெலிவு தோற்றுவிடுகிறது. உடனே அழுத்தத்தைக் குறை, தோண்டு. சின்னக் குழி 123-இல் இருக்கிறது, வெடிப்புக் கணக்கில் தேறிவிட்டது. ஆனால் அதன் ஆழம் 80 விழுக்காட்டை எட்டினால் நீளம் எதுவானாலும் பழுதுபார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே அதற்குக் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு வேகமாக வளர்கிறது?

அதற்குப் போவதற்கு முன் ஒரு தோண்டலைச் சொல்லிவிடுகிறேன். எல்லையை ஒட்டிய கருமண் காடு. முந்தின நாளே அந்தப் பகுதியில் அழுத்தத்தை 80 விழுக்காட்டுக்கு இறக்கிவிட்டோம். இதைச் செய்யாமல் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. கருமண் சரியும், ஆகவே குழியின் பக்கங்களைச் சரிவாக வெட்டி முட்டுக் கொடுத்திருந்தோம். கடைசி அரை மீட்டரை ஜேசிபி தொடக் கூடாது, கைவேலைதான். குழாய் தெரிந்ததும் மேற்பூச்சைத் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் சத்தம் பொள்ளலாக வந்தது. கத்தியால் கீறியதும் உள்ளே இருந்து ஒரு கரண்டி அளவு தண்ணீர் வழிந்தது. லிட்மஸ் போன்ற பி.எச். தாளில் தொட்டால் 7-ஐ ஒட்டிய நிறம். நம் மின்சாரம் அங்கே எட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் காரத்தன்மையாக, 9-க்கு மேல் இருந்திருக்கும். எட்டவில்லை. இரும்பின் மேல் கறுப்பாக, மைபோல ஒரு பசை. அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் அழுகிய முட்டை வாடை வந்தது. மேலே பிடித்த லெட் அசிடேட் தாள் கறுத்தது. சல்பைடு. காற்றில்லாத ஈரக் களிமண்ணில் வாழும் பாக்டீரியா அங்கே வேலை செய்திருக்கிறது.

அந்தப் பசையைக் கழுவாமல் முதலில் மாதிரி எடுக்க வேண்டும். பல இடங்களில் அவசரத்தில் முதல் வேலையாகச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். காரணம் அதோடு போய்விடும். மாதிரி எடுத்தபின்தான் மணலடித்துச் சுத்தம் செய்தோம். புளி போட்டு விளக்கிய சொம்பு போல இரும்பு பளிச்சென்று வந்தது, நடுவில் ஒரு கொத்துக் குழிகள். சாக்பீஸால் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஆழம் அளந்தோம். அதிகபட்சம் 2.4 மி.மீ. கருவி 35 விழுக்காடு என்று சொல்லியிருந்தது, கிடைத்தது 37 அல்லது 38. நல்ல பொருத்தம். அப்புறம் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, யோக் காந்தத்தை வைத்து, இரும்புத்துகள் கலந்த கறுப்பு மை தெளித்தோம். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் மயிரிழை போலக் கறுப்புக் கோடு எழும்பும். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு நிமிஷம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன். கோடு எதுவும் வரவில்லை.

காட்டுக்காரப் பெரியவர் குழி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, ஓட்டை விழுந்துருச்சுங்களா?"

"இல்லைங்கய்யா. விழாம இருக்கத்தான் பார்க்கிறோம்."

"இது ஒண்ணுதானுங்களா, இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஆனா இதைவிடச் சின்னது."

"அப்ப அதுக்கெல்லாம் எப்ப வருவீங்க?"

நூறு பக்கம் எழுதும் நாங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு ஒரு தேதி சொல்ல முடியாவிட்டால் விட்டுவைப்பதற்கும் உரிமை இல்லை.

தேதி எப்படி வருகிறது? ஏழு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை கருவி ஓட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழி முதல் தடவை 20 விழுக்காடு, இரண்டாவது தடவை 32. வளர்ச்சி 12 விழுக்காடு, அதாவது ஏழு வருஷத்தில் 0.77 மி.மீ. வருஷத்துக்கு 0.11. எண்பதை எட்ட இன்னும் 28 வருஷம் ஆகும். நிம்மதியாக மூடிவைத்துவிடலாம் போலிருக்கும். ஆனால் இரண்டு அளவிலும் பத்துப் பத்து விழுக்காடு பிழை இருக்கிறதே. இரண்டையும் சேர்த்தால் வித்தியாசத்தில் 14 விழுக்காடு வரை பிழை வரும். வளர்ச்சி பூஜ்யமாகவும் இருக்கலாம், 26 ஆகவும் இருக்கலாம். மோசமானதை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஆழம் 42, வேகம் வருஷத்துக்கு 0.24 மி.மீ. அப்போது 80-ஐ எட்ட 10 வருஷம்தான். அதில் பாதிக்குள், அதாவது 5 வருஷத்துக்குள், திரும்பிப் பார்த்துவிட வேண்டும். ஒரே குழி, ஒரே அறிக்கை, 28 என்றும் சொல்லலாம், 5 என்றும் சொல்லலாம். எந்த எண்ணை எழுதுகிறோம் என்பதில்தான் அந்தப் பொறியாளர் யார் என்பது தெரியும்.

கருமண் பகுதியில், மின்சாரம் எட்டாத, சல்பைடு வாடை வந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள குழிகளுக்கு நான் 5-ஐத்தான் எழுதுவேன். வடிகால் உள்ள செம்மண்ணில், பூச்சு ஒட்டியிருக்கும் இடத்தில் அதே அளவுக் குழிக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். எல்லாக் குழிக்கும் ஒரே வேகம் என்று மென்பொருளில் போட்டுவிட்டுப் போவது வேலை ஆகாது.

விட்டுவைத்ததில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊர் சாட்சி. 1969-இல் போட்ட 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய், பாலித்தீன் டேப் சுற்றியது. 2005-இல் விரிசல் பார்க்கும் கருவி ஓடியது. பின்னால் வெடித்த அதே இடத்தில் விரிசல் அடையாளங்களைப் பதிவு செய்தும் இருந்தது. கணக்குப் போட்டார்கள், தேறியது, தோண்டவில்லை. டேப் விலகிய இடத்தில் அரிப்பும் விரிசலும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்ததைச் சேர்த்துப் பார்க்கவில்லை. 2010 ஜூலை 25 அன்று பிளந்தது. கட்டுப்பாட்டு அறையில் அது கசிவு என்று புரிய 17 மணி நேரத்துக்கு மேலானது, நடுவில் பம்பை மறுபடியும் ஓட்டினார்கள். எட்டு லட்சம் காலனுக்கு மேல் எண்ணெய் ஆற்றில் கலந்தது. கருவி பார்க்கவில்லை என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. பார்த்ததை மனிதர்கள் படித்த விதம்தான் தவறிப்போனது.

அரிப்பைவிட நான் அஞ்சுவது ஒடுக்கை. ஜேசிபியின் பல் குழாயில் பட்டு ஒடுக்கு விழுந்து, அதன் மேலேயே கீறலும் இருந்தால், அதைவிட மோசமான குறை கிடையாது. ஒடுங்கிய இடத்தில் இரும்பு மடிந்து கெட்டிப்பட்டு உடையும் பதத்துக்கு வந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏற ஏற ஒடுக்கு வெளியே தள்ளும், கீறலின் அடியில் விரிசல் திறக்கும். அரிப்புக்குச் சொன்ன கணக்கு எதுவும் இதற்குச் செல்லாது. அன்றைக்கே வெடிக்காமல் வருஷக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் 1994-இல் தண்ணீர் சுத்திகரிப்பு நிலைய வேலையின்போது ஒரு பெட்ரோல் குழாயில் தோண்டும் இயந்திரம் பட்டது. அடுத்து ஓட்டிய கருவிகள் அங்கே ஏதோ இருப்பதைக் காட்டின. தோண்டிப் பார்க்கவில்லை. 1999 ஜூன் 10 அன்று குழாய் பிளந்து பெட்ரோல் ஓடையில் இறங்கித் தீப்பிடித்தது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். குழாயின் மேற்பாதியில் ஒடுக்கும் உலோக இழப்பும் ஒரே இடத்தில் என்று அறிக்கை சொன்னால், அளவு எதுவாயினும் நான் தோண்டச் சொல்வேன். இதில் விட்டுவைக்கும் பேச்சே கிடையாது.

உள்ளிருந்து வரும் அரிப்பைப் பற்றி ஆந்திராக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2014 ஜூன் 27 விடியற்காலையில் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற பெயருள்ள கிராமத்தில் வாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரமும், கண்டன்சேட் என்ற இலேசான எண்ணெயும் கலந்த வாயு போயிருக்கிறது. வாயுவில் உள்ள கரியமில வாயு அந்தத் தண்ணீரில் கரைந்தால் அமிலம், அது தாழ்ந்த இடங்களில் தேங்கி அடிப்புறத்தை அரிக்கும். 2000 ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே 12 பேர் இறந்ததும் இதே மாதிரி தண்ணீர் தேங்கிய ஒரு இடத்தில்தான். ஒவ்வொரு தடவை துப்புரவுக் கருவி ஓட்டும்போதும் ரிசீவரில் வந்து விழும் அழுக்கை எடைபோட்டு, சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதைத் தூக்கி எறிவது நோயாளியின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் விடுவதற்குச் சமம்.

பழுதுபார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆழமில்லாத கீறலைத் தேய்த்து வழவழப்பாக்கினாலே போதும். அரித்த இடத்துக்கு எஃகு உறையை இரண்டு பாதியாகச் சுற்றி வெல்டிங் செய்யலாம், அல்லது ஃபைபரும் எபாக்ஸியும் கொண்டு சுற்றலாம். ஓட்டை விழக்கூடிய இடத்துக்குச் சுற்று வேலை ஆகாது, இரண்டு முனையும் குழாயோடு வெல்டிங் செய்து அடைத்த எஃகு உறைதான். எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் வெல்டிங் செய்யும்போது சுவர் மெலிதாக இருந்தால் பொத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஓடும் எண்ணெய் சூட்டை வேகமாக இழுத்துவிடுவதால் வெல்டிங் விரிசல் விடவும் கூடும். இதற்கென்று தேர்ச்சி பெற்ற வெல்டர் இல்லாமல் தொடக் கூடாது.

விட்டுவைத்தவற்றின் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு கம்ப்யூட்டரில் ஒருவருடைய ஃபைலாக இருந்து, அவர் மாற்றலாகிப் போனதும் மறந்துபோகக் கூடாது. 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 8 பேர் இறந்த வெடிப்புக்குக் காரணமான குழாய், ஆவணத்தில் தையலே, அதாவது நீளவாக்கு வெல்டிங்கே, இல்லாத குழாய் என்று இருந்தது. மண்ணுக்குள் இருந்ததோ குறைபாடான தையல் வெல்டிங் உள்ள துண்டுகள். 1956-இல் புதைத்ததைப் பற்றிச் சரியாகச் சொல்ல 2010-இல் ஆள் இல்லை. ஒவ்வொரு குழிக்கும் ஏன் விட்டுவைத்தோம், எந்த எண்ணை நம்பினோம், யார் கையெழுத்து, எந்தத் தேதிக்குள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நான்கும் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தேதி லைன் வாக்கருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆபீசில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். அந்தப் பாதையில் நடப்பவர் மாறுவதில்லை. ஓரிடத்தில் புல் காய்வதையும், மழையில் மண் அரித்துக் குழாய்க்கு மேல் மூடாப்புக் குறைவதையும் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

நிலத்துக்காரர்களுக்கு: 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய் போகும் பட்டையில் நிலம் உங்களுடையது, பயன்படுத்தும் உரிமை மட்டும் குழாய்க்காரருடையது. விவசாயம் செய்யலாம். கட்டடம், கிணறு, குளம், மரம் கூடாது. உங்கள் நிலத்தை இப்படிக் கட்டிப்போட்டு வைத்திருக்கும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேளுங்கள். நிலம் சமன் செய்ய வண்டி வைக்கும் முன் குழாய்ப் பாதையின் மார்க்கர் பலகையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2023 மார்ச்சில் வந்த 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியும் தோண்டும் வேலைக்கு முன் தகவல் சொல்வதற்குத்தான். அதையும் மீறி ஜேசிபி குழாயில் பட்டுவிட்டால், கசிவு இல்லை என்று மண்ணைத் தள்ளி மூடிவிடாதீர்கள். வண்டியை அணைத்துவிட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, குழியைத் திறந்தே வைத்துக் கூப்பிடுங்கள். கீறல் ஒரு விரல் நீளம் இருந்தாலும் நாங்கள் வந்து பார்க்க வேண்டும்.